வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கப் போய் ஏழு பேரிடம் மாட்டிக்கொண்டேன், இதில் யார் யாருடைய ஆள்?

மழைக்குருவி எழுதியது:

ஆறு மாதமாகக் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஃபிளாட் தேடுகிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், மகள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும், இருக்கிற வீட்டுக்காரர் வருடம் முடிய எழும்பச் சொல்லிவிட்டார். போன கிழமை ஒன்று பிடித்தது. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கை, மூன்றாம் மாடி, மூன்று அறை, 1,150 சதுர அடி என்கிறார்கள், விலை 3 கோடி 20 இலட்சம். பல்கனியில் நின்றால் கடல் தெரியாது, காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்து ரயில் சத்தம் மட்டும் கேட்கும். மனைவிக்கு அது பிடித்துவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை.

வீடு சரி. ஆட்கள்தான் தலையிடி.

இக்மன் விளம்பரத் தளத்தில் பார்த்து ஒருவருக்குப் போன் அடித்தேன். அவர் வந்தார், சாவி அவரிடம் இல்லை, சாவிக்காரர் என்று இன்னொருவர் ஆட்டோவில் வந்தார். படியேறும்போது மூன்றாமவர் சேர்ந்துகொண்டு "நான் ஓனருடைய ஆள்" என்றார். ஓனர் லண்டனில் இருக்கிறார், இங்கே அவருடைய தம்பியிடம் அற்றோனித் தத்துவம், அதாவது ஓனருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், இருக்கிறதாம். அடுத்த நாள் ஒரு ரியல் எஸ்டேட் கம்பனியிலிருந்து ஒரு பெண் கோல் எடுத்து அதே வீட்டை 3 கோடி 45க்குக் காட்டுகிறேன் என்கிறார், அவருடைய கார்டில் ஆதன ஆலோசகர் என்று இருக்கிறது. முதல் தரகர் தனக்குத் தெரிந்த லோயர் வீட்டு உறுதிப் பத்திரத்தை மலிவாக எழுதித் தருவார் என்கிறார். வங்கிக்குப் போனால், தங்கள் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரும் தங்கள் லோயரும்தான் பார்ப்பார்கள் என்கிறார்கள். ஆக ஏழு பேர். ஏழு பேரும் ஒரே வசனம்: "நீங்கள் யோசிக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." ஞாயிற்றுக்கிழமை 5 இலட்சம் டோக்கன் கொடுத்தால் ஒரு பேப்பரில் எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்கித் தருவார்களாம்.

இதில் யார் எனக்காக வேலை செய்கிறார் என்று யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது கல்யாண வீட்டுக்குப் போய்விடுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மிச்சத்தை பேனா ஐயா வந்து சொல்வார்.

பழையபேனா எழுதியது:

வந்துவிட்டேன். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். லோயர் இல்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் லோயரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த முத்திரை ஒட்டிய பேப்பர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தது, இன்றைக்கும் காணி, வீடு கைமாறுவது அதன்படிதான். விற்பதும் சரி, விற்கிறேன் என்று உடன்படுவதும் சரி, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். சாப்பாட்டு மேசையில் எழுதிய காகிதத்தைக் காட்டி "வீட்டை எனக்கு எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பித் தரச் சொல்லி வழக்காடலாம், அது எத்தனை வருடம் இழுக்கும் என்பதைப் புதுக்கடையில் தேநீர் விற்பவனே சொல்வான். முற்பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, பிறகு கொடுங்கள்.

அடுத்தது உங்கள் ஏழு பேர். ஒவ்வொருவரிடமும் உனக்குக் காசு யார் தருகிறார், எப்போது தருகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பாதி வெளிச்சம் வந்துவிடும். தரகருக்கு வீடு கைமாறினால்தான் காசு. கம்பனிப் பெண்ணுக்கும் அப்படித்தான், மேலே கொஞ்சம் சம்பளம் இருக்கலாம். மதிப்பீட்டாளருக்கு நீங்கள் காசு கட்டுவீர்கள், அறிக்கை வங்கிக்குப் போகும். நீங்களாகத் தேடிப்பிடித்த லோயர் ஒருவர்தான், காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டு "இது வேண்டாம் தம்பி" என்று சொன்னாலும் தன் தேடுதல் கூலியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகக்கூடியவர். அதே லோயரைத் தரகர் கூட்டிவந்தால் கதை வேறு. அடுத்த மாதமும் அந்தத் தரகர்தான் அவருக்கு உறுதி கொண்டுவர வேண்டும், அந்த வாயில் எப்படி "வேண்டாம்" வரும்?

இன்னொன்று, லோயர் எல்லாரும் நொத்தாரிசு இல்லை. நொத்தாரிசுக்குத் தனி வாரண்ட், அதாவது அனுமதிப் பத்திரம், உண்டு, எந்த மொழியில் எழுதலாம், எந்த நியாயாதிக்க வலயத்தில் எழுதலாம் என்று அதில் இருக்கும். பெயர்ப்பலகையில் சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வழக்கப்படி உறுதி எழுதும் செலவு வாங்குபவருடையது, அதனால் நொத்தாரிசைத் தெரிவு செய்வதும் வாங்குபவர்தான். காசும் கொடுத்துத் தெரிவையும் தரகரிடம் கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாட்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வைப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தெரிந்த இரண்டு சாட்சிகளையாவது நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உறுதியின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுவார்கள், யாரும் வாசிப்பதில்லை. ஓனரை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்ட இரண்டு பேர், ஒருவர் தரகர், மற்றவர் தரகரின் டிரைவர், "எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்" என்று கையெழுத்து வைப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சந்தித்தரகன் எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எங்களை ஒரேயடியாகக் கள்ளன் ஆக்காதீர்கள். இருபது வருடமாக நான் தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் இந்தத் தொழில்தான், மூன்று பிள்ளைகளைப் படிப்பித்ததும் இதில்தான்.

தம்பி, உனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். சாவிக்காரர்தான் உண்மையான தரகர், அவருக்குத்தான் ஓனரின் தம்பியைத் தெரியும். இக்மனில் போட்டவன் அவரிடமிருந்து படம் வாங்கிப் போட்டவன். படியில் சேர்ந்தவன் அந்த ஒழுங்கையில் நிற்கிறவன், வீடு கைமாறினால் "நான்தான் முதல் காட்டினேன்" என்று வந்து நிற்பான். கம்பனிப் பெண் வேறு வழியாக அதே தம்பியிடம் போயிருப்பார், அல்லது இக்மனில் உள்ளதைப் பார்த்து எடுத்திருப்பார். இங்கே ஒரு வீட்டை ஒரு தரகருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிற ஓனர் அபூர்வம், பத்துப் பேரிடம் சொல்லி வைப்பார்கள்.

தரகுக் கூலி சாதாரணமாக விற்கிறவர் தருவது, 3 சதவீதம் என்பதுதான் பேச்சு, பெரிய தொகை என்றால் குறைத்துக்கொள்வோம். அந்த 3ஐ நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு என்ன வரும் என்று நீயே கணக்குப் பார். அதனால்தான் சிலர் வாங்குகிறவரிடமும் ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் கேட்பார்கள். கேட்பது குற்றமில்லை, கடைசி நாளில் கேட்பதுதான் குற்றம். முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேள்: "உங்களுக்கு என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா, எவ்வளவு?" பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மழைக்குருவி எழுதியது:

அண்ணா, கோபிக்க வேண்டாம், ஒரே வீட்டுக்கு ஏன் 3 கோடி 20ம் 3 கோடி 45ம்? நேற்று ஒழுங்கையில் நிற்பவர் 3 கோடி 10க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார்.

சந்தித்தரகன் எழுதியது:

அதுதான் எங்கள் தொழிலில் கெட்ட பழக்கம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஓனர் "எனக்குக் கையில் 3 கோடி வர வேண்டும், மேலே வருவது உன்னுடையது" என்பார். அவருக்கு அது லேசு, கமிஷன் பேச வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து தரகர் தரகர் இல்லை, வியாபாரி. உன்னிடம் ஒவ்வொரு இலட்சமாகக் கறப்பது அவருக்கு நேரடி வருமானம். நீ "விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள்" என்று அவரிடம் சொன்னால், அவரிடமே அவர் சட்டைப்பையைக் காலி பண்ணச் சொல்கிறாய், விளங்குதா?

அதனால் விலையை ஓனரோடு பேசு. தரகர் பக்கத்தில் இருக்கட்டும், நல்ல தரகன் பேசவும் விடுவான். ஓனரின் நம்பர் தரமாட்டேன் என்று கடைசிவரை ஒருவன் நின்றால் மேலே வைத்து விற்கிறான் என்று எடுத்துக்கொள். ஆனால் தம்பி, எங்களைச் சுற்றிப் போய் ஓனரிடம் முடித்துவிட்டுப் போனை எடுக்காமல் விடாதே. வெயிலில் பத்து வீடு காட்டியவனுக்கு அது வயிற்றிலடி.

ஸ்கார்பரோமாமி எழுதியது:

இதை வாசிக்கத் தலை சுற்றுகிறது. இங்கே ஒன்டாரியோவில் லைசன்ஸ் இல்லாமல் ஒருவரும் வீடு விற்றுக் கொடுக்க முடியாது. ரெக்கோ என்ற சபையில் பெயர் இருக்கிறதா என்று இன்டர்நெட்டில் பார்த்துவிடலாம். ஏஜென்ட் என்று நாங்கள் பொதுவாகச் சொன்னாலும் சேல்ஸ்பெர்சன் வேறு, அதற்கு மேல் படித்த புரோக்கர் வேறு, இரண்டு பேரும் ஒரு புரோக்கரேஜின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். ரியல்டர் என்பது பட்டம்கூட இல்லை, சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவர் மட்டும் போட்டுக்கொள்ளும் வணிகக் குறி, எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அது தெரியாது. 2023 டிசம்பர் 1இல் புதுச் சட்டம் வந்த பிறகு, வாங்குபவருக்கு வேலை செய்கிறாரா, விற்பவருக்கா என்பதை இன்னும் தெளிவாக எழுதிக் கையெழுத்து வைக்கிறோம்.

எனக்கும் ஒரு கேள்வி. நானும் இவரும் ரிட்டயர் ஆன பிறகு வருடத்தில் ஆறு மாதம் கொழும்பில் இருக்க யோசிக்கிறோம். கனடா பாஸ்போர்ட் மட்டும்தான். தெஹிவளையில் ஒரு சின்ன வீடு, முற்றத்தில் ஒரு முருங்கை, அது போதும். ஒரு தரகர் வாங்கலாம் என்கிறார், செய்து தருகிறேன் என்கிறார்.

பழையபேனா எழுதியது:

மாமி, முருங்கையை மறந்துவிடுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி உரிமை மாற்ற முடியாது. அடுக்குமாடியில் ஃபிளாட் என்றால் நிபந்தனைகளோடு வாங்கலாம், முழுக்காசும் உறுதி எழுத முன்னரே வெளிநாட்டிலிருந்து முறைப்படி வந்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தடை இல்லை, அப்போது முற்றமும் முருங்கையும் வரும். அதை முதலில் எடுங்கள். அந்தத் தரகர் "செய்து தருகிறேன்" என்பது பெரும்பாலும் இங்குள்ள சொந்தக்காரர் பெயரில் எழுதுவதாக இருக்கும். அதில் எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் ரியல்டர் கதை நல்லது, ஆனால் இங்கே அப்படி ஒரு கட்டாய லைசன்ஸ் தரகருக்கு இல்லை. போனும் இரண்டு சாவியும் இருந்தால் தரகர். ஆதன ஆலோசகர், முகவர், கன்சல்டன்ட் எல்லாம் கார்டு அச்சடிக்கிற கடையில் வரும் வித்தியாசம். லைசன்ஸும் பதிவும் இருப்பது மற்றவர்களுக்கு: லோயர், நொத்தாரிசு, நில அளவையாளர், பட்டய மதிப்பீட்டாளர், பொறியியலாளர்.

முருங்கைமரம் எழுதியது:

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் மாமி, எங்கள் வீட்டில் உண்மையிலேயே ஒன்று நிற்கிறது.

சேர்வேயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃபிளாட் என்றால் பரவாயில்லை, காணியோடு வீடு வாங்குகிறவர்கள் கேளுங்கள். தெஹிவளையில் நாங்கள் வாங்கும்போது உறுதியில் 8.5 பேர்ச் என்று இருந்தது, கூட இருந்த பிளான் 1980களில் கீறியது. தரகர் "பிளான் இருக்கே அக்கா, திரும்ப அளந்து என்னத்துக்கு வீண் செலவு" என்றார். என் அப்பா கேட்கவில்லை, உரிமம் உள்ள நில அளவையாளர் ஒருவரை நாங்களே கூட்டிப்போனோம். காலையில் வந்து முக்காலியில் கருவியை நிறுத்திவிட்டு, உதவிக்கு வந்த பையனைப் பின்வேலிக்கு அனுப்பினார். பையன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று "சேர், கல் இங்கே இல்லை" என்று கத்தினான். எல்லைக்கல் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் இருந்தது. அளந்தால் 8.1 பேர்ச்.

0.4 பேர்ச் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 0.4 என்றால் கிட்டத்தட்ட 109 சதுர அடி. நாங்கள் இப்போது சாமியறை வைத்திருப்பது அதைவிடச் சின்ன இடத்தில். அந்த அளவுக்கு விலையைக் குறைத்துத்தான் வாங்கினோம், கோழிக்கூட்டுக்காரரோடு சண்டைக்கும் போகவில்லை, புதுப் பிளானிலேயே உறுதியை எழுதினோம். சேர்வேயருக்குக் கொடுத்ததைப் போல எத்தனையோ மடங்கு திரும்பி வந்தது.

2002ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டத்தின் கீழ்தான் இவர்களுக்கு உரிமம், அதைக் கேட்டுப் பாருங்கள், கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வட்டிக்கணக்கு எழுதியது:

வங்கி ஒன்றின் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். மழைக்குருவி, வங்கியின் மதிப்பீட்டாளரும் வங்கியின் லோயரும் வருகிறார்கள்தானே, அவர்கள் பார்த்தால் போதாதா என்று அடுத்ததாகக் கேட்கப் போகிறீர்கள், எல்லாரும் கேட்பார்கள். போதாது.

மதிப்பீட்டாளர் இரண்டு தொகை எழுதுவார், ஒன்று சந்தைப் பெறுமதி, மற்றது அவசரத்தில் விற்க வேண்டி வந்தால் கிடைக்கும் பெறுமதி. நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை ஏலத்தில் போட்டுக் காசை எடுக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. நீங்கள் 20 இலட்சம் கூடக் கொடுத்து வாங்குகிறீர்களா என்பது அவர் கவலை இல்லை. கடனும் அந்தப் பெறுமதியில் ஒரு பங்குதான், தரகர் சொன்ன விலையில் இல்லை. 3 கோடி 20க்கு வாங்கும் வீட்டுக்கு மதிப்பீடு 2 கோடி 80 வந்தால் இடையில் உள்ள 40 இலட்சத்தையும் நீங்கள்தான் தேட வேண்டும், அது தெரியாமல் முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

வங்கி லோயரும் அப்படித்தான். ஈடு வைக்க உறுதி சுத்தமா என்று பார்ப்பார், அது உங்களுக்கும் உதவி. ஆனால் கார் பார்க் யாருடையது, மாதப் பராமரிப்புக் காசு பாக்கி எவ்வளவு என்று அவர் குடைய மாட்டார்.

முத்திரைத் தீர்வையையும் கணக்கில் வையுங்கள். மேல் மாகாணத்தில் முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. உங்கள் 3 கோடி 20க்கு 12 இலட்சத்து 79 ஆயிரம் ரூபாய், வாங்குபவர் கட்ட வேண்டும். இதைக் குறைக்க "உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம்" என்று யாராவது சொல்வார். சொல்கிறவர் கையெழுத்து வைக்கப் போவதில்லை. மாகாண இறைவரிக்காரர் பெறுமதியைத் திருப்பி மதித்து மிச்சத்தைக் கேட்டால் கடிதம் உங்கள் விலாசத்துக்குத்தான் வரும்.

மொட்டைமாடி எழுதியது:

கொஞ்சம் தள்ளுங்கள், ஃபிளாட் கதையை நான் சொல்கிறேன். இராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தில், வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொருளாளர் நான். சம்பளம் இல்லை, ஏச்சு மட்டும் உண்டு. தண்ணீர் மோட்டர் பழுதானால் இரவு 11 மணிக்கும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

வீடு வாங்க வருகிற யாரும் என்னோடு கதைப்பதில்லை. தரகரோடு லிஃப்டில் ஏறுவார்கள், சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், இறங்கிப் போவார்கள். அந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி, லிஃப்டை மாற்றக் காசு சேர்த்திருக்கிறோமா, கூரை ஒழுகுகிறதா எல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. போன வருடம் ஒருவர் குடிவந்து இரண்டாம் நாள் கேட்டார், "என் கார் பார்க் எங்கே?" தரகர் காட்டிய இடம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், அது எல்லாருக்கும் பொதுவான இடம். பழைய ஓனர் பத்து வருடமாக அங்கே நிறுத்தியதால் அவருடையது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொண்டொமினியம் பிளானில் மூன்று விதம் இருக்கும். உங்கள் வீட்டு அலகு, அதோடு சேர்ந்த துணை அலகு, பொது இடம். கார் பார்க் துணை அலகு என்று இலக்கம் போட்டு உங்கள் உறுதியில் வந்தால் உங்களுடையது. வராவிட்டால் தரகர் வாயால் மட்டும் உங்களுடையது. சதுர அடியும் அந்தப் பிளானில் உள்ளதுதான் கணக்கு, விளம்பரத்தில் 1,150 என்றால் பல்கனியும் சுவரும் சில நேரம் படிக்கட்டில் ஒரு துண்டும் சேர்த்திருப்பார்கள்.

பிளானே பதியாத பழைய கட்டடங்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன. அடுக்குமாடி உரிமைக்கென்று 1973இல் 11ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, அதன்படி பிளான் பதியாமல் தனி வீட்டுக்குச் சரியான உறுதி வராது. காணியில் பிரிக்காத பங்கு என்று எழுதித் தருவார்கள், வங்கி பெரும்பாலும் கிட்ட வராது. சந்தேகம் என்றால் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையில் கேட்கலாம், மாநகர சபையில் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். மொடல் வீட்டில் குளிர்பானம் தருகிற பிள்ளைகள் கட்டுநருடைய விற்பனை ஆட்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் நீங்கள் கையெழுத்து வைக்கிற ஒப்பந்தத்தைக் கட்டுநரின் லோயர் கட்டுநருக்காக எழுதியது. பிந்தினால் உங்களுக்கு என்ன, நீங்கள் தவணை பிந்தினால் அவர்களுக்கு என்ன என்று இரண்டு பந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சொன்ன விலைக்குள் 18 சதவீத வாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

பொறியியலாளர் வேண்டாமா? எங்கள் சித்தப்பா ஒரு மேசன் பாஸைக் கூட்டிப்போய் சுவரைத் தட்டிப் பார்த்து வாங்கினவர்.

மொட்டைமாடி எழுதியது:

பாஸ் நல்ல பாஸாக இருந்தால் நல்லதுதான். ஆனால் மரைன் டிரைவுக்குக் கிட்ட என்றால் பொறியியலாளரையே கூட்டிப்போங்கள். உப்புக்காற்றில் கொங்கிரீட்டுக்கு உள்ளே கம்பி துருவேறி ஊதும், பிறகு சிலாப்பின் அடியில் பூச்சு வெடித்து விழும். விற்க முதல் அதற்கு மேல் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். பல்கனியின் அடிப்பக்கத்தைக் கீழ்மாடிக்காரரின் பல்கனியில் நின்று பாருங்கள், அங்கே பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

பழையபேனா எழுதியது:

குருவி, அற்றோனித் தத்துவத்தை விட்டுவிட்டோம். கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு செத்துப்போகும், காகிதம் மட்டும் அலுமாரியில் உயிரோடு இருக்கும். லண்டன்காரரை வீடியோவில் கூப்பிடுங்கள், விற்கச் சம்மதமா, என்ன விலை என்று அவர் வாயால் கேளுங்கள். இங்கே பதிந்திருக்கிறதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, இல்லை வாடகைக்கு விட மட்டுமா என்பதை லோயர் பார்க்கட்டும்.

எழுதி முடிந்ததும் உறுதியை உடனே பதியச் சொல்லுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தில், ஒரே சொத்துக்கு ஒரே ஆளிடமிருந்து இரண்டு உறுதி வந்தால் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் பக்கம்தான் பலம். நான் வேலைசெய்த இடத்தில் இல்லை, பக்கத்து அறையில், ஒரு நொத்தாரிசு மூன்று மாதம் உறுதியை லாச்சிக்குள் வைத்திருந்தார், மறதிதான், கெட்ட எண்ணம் இல்லை. அதற்குள் விற்றவருடைய இன்னொரு உறுதி பதிவாகிவிட்டது.

மழைக்குருவி எழுதியது:

பதினாறு நாளுக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை 5 இலட்சம் கொடுக்கவில்லை. முதல் தரகருக்குக் கோபம், வேறு பார்ட்டி வந்துவிட்டது என்றார். அந்தப் பார்ட்டி இன்றுவரை வரவில்லை. என் அலுவலக அக்கா ஒருவர் சொன்ன லோயரைப் பிடித்தேன், தேடுதலுக்கு மட்டும் தனியாகக் கூலி பேசி. அவருடைய எழுத்தர் காணிக் கந்தோரில் இரண்டு நாள் இருந்து முப்பது வருடத்துக்கான பதிவுப் பக்கங்களை எடுத்துவந்தார். பழைய ஓனர் 2000களில் ஒரு வங்கியில் வைத்த ஈடு இன்னும் அப்படியே நிற்கிறது. காசு கட்டி முடித்துவிட்டாராம், வங்கிக் கடிதமும் இருக்கிறது, ஆனால் ஈடு நீக்கிய உறுதியை யாரும் பதியவில்லை. ஏழு பேரில் ஒருவருக்கும் இது தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. லோயர் இது தீர்க்கக்கூடிய விஷயம்தான், ஆனால் தீர்த்த பிறகு காசு கொடுங்கள் என்கிறார்.

லண்டன்காரரோடு வீடியோவில் கதைத்தோம். நல்ல மனிதர், எங்கள் மகளிடம் என்ன வகுப்பு என்று கேட்டார். அவர் தம்பியிடம் சொன்ன விலை 2 கோடி 95 இலட்சமாம். நாங்கள் கேட்ட விலைகளைச் சொன்னதும் கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் பேசாமல் இருந்தார். சாவிக்கார அண்ணாவுக்கு அவர் தனியாக 3 சதவீதம் தருகிறார், எங்களிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று பேசி எழுதியாகிவிட்டது. சாவிக்கார அண்ணாதான் அதில் அதிகம் சந்தோஷப்பட்டார்.

பிளானில் 1,150 இல்லை, 1,062 சதுர அடி. கார் பார்க் துணை அலகாக இருக்கிறது, ஆனால் இலக்கம் 7 என்று இருக்கிறது, எங்களுக்குக் காட்டியது 9இல். அந்தக் கட்டடத்துப் பொருளாளரிடம் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை, எதற்கு என்று இரண்டு தடவை கேட்டார். 7இல் ஒரு தூண் நிற்கிறதாம். எங்களுடைய அல்டோ போகுமா என்று பார்க்க டேப் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சந்தித்தரகன் எழுதியது:

அல்டோ போகும் தம்பி. கதவைத் திறக்க முடியுமா என்று பார்.